முன்குறியும் கண்ணும்

கைத்துப்பாக்கியைப் பற்றித் தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதுவானேன் என்று இவ்விதழைப் புரட்டும் அன்பர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. எங்கள் கல்லூரி இதழில் இதுகாறும் யாப்பைப் பற்றியும் ஊர்ப் பெயர்களைப் பற்றியும் கட்டுரைகள் வந்துள்ளனவேயன்றி, துப்பாக்கியின் நுனியில் தீட்டும் ஒரு துளி வண்ணத்தைப் பற்றி எவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. ஆயினும் சென்ற ஆண்டு முழுதும் எங்கள் இல்லத்தில் அவ்வொரு துளி வண்ணத்தைப் பற்றியே பேச்சாயிருந்தது. அதனால் ஒருவருடைய பிழைப்பே போய்விடுமோ என்ற அச்சமும் உண்டாயிற்று. அதனை ஆராயப் புகுந்த நான், ஒளியியலும் கண்ணின் அமைப்பும் சட்டமும் சொல்லாராய்ச்சியும் ஒரே இடத்தில் வந்து கூடக் கண்டு வியந்தேன். அவ்வியப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, கடற்காற்று நேரே வந்து வீசும் ஒரு தெருவில் இருக்கிறது. துறைமுகத்திற்குச் செல்லும் பெட்டக லாரிகளின் இரைச்சல் இரவும் பகலும் ஓய்வதில்லை. என் பெரியப்பா தரைப்படையில் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பின்னர்த் துறைமுகத்தை அடுத்த ஒரு சரக்குக் கிடங்கில் ஆயுதக் காவலராக அமர்ந்தார். அவருக்கு உரிமம் பெற்ற சுழல் கைத்துப்பாக்கி ஒன்று உண்டு. கான்பூரில் அரசினர் படைக்கலத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது, 0.32 அங்குலத் தோட்டாவை ஏற்பது. குழல் மூன்றே அங்குலம். ஆங்கிலேயர் காலத்து வெப்ளித் துப்பாக்கியின் வழிவந்த அமைப்புடையது. அதனை வீட்டில் எவரும் தொடலாகாது என்பது பெரியப்பாவின் ஆணை. ஆதலால் இக்கட்டுரையில் வருவனவெல்லாம் நான் அருகிருந்து பார்த்தனவும் கேட்டனவும் படித்தனவுமேயன்றி, என் கையால் செய்தவை அல்ல.

பெரியப்பாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தார் ஆண்டிற்கொருமுறை குறிக்களத்தில் பத்து மீட்டர்த் தொலைவிலிருந்து பத்துக் குண்டுகள் சுட்டுக் காட்டச் சொல்வார்கள். பல ஆண்டுகளாக ஒன்பதுக்குக் குறையாமல் பலகையில் பதித்து வந்தவர், சென்ற ஆண்டு மூன்றே பதித்தார். மற்றவை யாவும் கீழே சென்று மண்ணைத் துளைத்தன. மூன்று மாதத் தவணை கொடுத்தார்கள். அன்று மாலை வீட்டிற்கு வந்து, உணவும் கொள்ளாமல், "பாப்பா, சைட்டுல பெயிண்ட் தேஞ்சு போச்சு. அதான் காரணம். வேற ஒண்ணும் இல்ல" என்று என்னிடம் சொன்னார். அவர் சொன்னதிற் பாதி உண்மை. மற்றப் பாதியைக் கண்டறிய எங்களுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். துப்பாக்கி என்பது துருக்கி மொழியினின்று வந்த சொல் என்பர் அகராதி நூலார். பீரங்கி என்பதோ ஐரோப்பியரைக் குறித்த பரங்கி என்னும் சொல்லோடு உறவுடையது. கருவியோடு பெயரும் கப்பலேறி வந்தது. ஆனால் அக்கருவியின் மேலுள்ள சிறு உறுப்பாகிய 'சைட்' என்பதற்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லை. பெரியப்பா பாளையத்து வழக்கப்படி ஃபோர்சைட், பேக்சைட் என்றே சொல்வார். நான் இங்கு அவற்றை முன்குறி, பின்குறி என்று வழங்குகிறேன். குறி என்னும் சொல் நம் மொழியில் எய்யப்படும் இலக்கையும் உணர்த்தும், அடையாளத்தையும் உணர்த்தும். இக்கருவியிலோ இலக்காகிய குறியை அடைவதற்கு அடையாளமாகிய குறி வேண்டியிருக்கிறது. நம் பழைய வில்லாளர்க்கு இத்தகைய அடையாளம் ஒன்றும் இருந்ததில்லை. ஓர் அம்பால் யானை முதல் உடும்பு ஈறாக ஐந்து உயிர்களைத் துளைத்தான் என்று புறநானூறு புகழும் வல்வில் ஓரியும் கண்ணையும் கையையுமே நம்பினான் என்றுதான் கொள்ளவேண்டும்.

முன்குறி என்பது குழலின் நுனியில் மேல்நோக்கி நிற்கும் ஒரு சிறு தகடு. பின்குறி என்பது பிடிக்கு மேலே, கண்ணுக்கு அணித்தாக வெட்டப்பட்ட ஒரு பள்ளம். சுடுவோன் பள்ளத்தின் நடுவே தகட்டை நிறுத்தி, தகட்டின் தலையும் பள்ளத்தின் இருகரைத் தலையும் ஒரே மட்டமாகத் தோன்றும்படி செய்து, அந்த மட்டத்தை இலக்கோடு பொருத்துகிறான். ஒருமுறை சொன்னால் விளங்கிவிடும் எளிய செயலே. ஆனால் அதிலுள்ள கணக்கு கொடியது.

பெரியப்பாவின் துப்பாக்கியில் இரு குறிகளுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பன்னிரண்டரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இலக்கு பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பத்தாயிரம் மில்லிமீட்டரை நூற்றிருபத்தைந்தால் வகுத்தால் எண்பது வரும். அஃதாவது முன்குறியில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் இலக்கில் எண்பது மில்லிமீட்டர் பிசகும். இலக்கு இருபது மீட்டருக்குச் சென்றால் பிசகு நூற்றறுபது மில்லிமீட்டராகும். நீண்ட துப்பாக்கியில் இரு குறிகளும் அரை மீட்டருக்கு மேல் விலகி நிற்பதால் அதே பிசகு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கைத்துப்பாக்கியால் குறி தப்பாமற் சுடுவது ஏன் அரிது என்பதற்கு இதனினும் தெளிவான விடை வேண்டுவதில்லை. அன்றியும், எந்தத் திசையிற் பிசகும் என்பதும் கருதத்தக்கது. முன்குறி உயரமாகிவிட்டால், அதன் தலையைப் பின்குறியின் மட்டத்திற்குக் கொணரச் சுடுவோன் குழலின் வாயைச் சற்றே தாழ்த்துவான். குண்டு கீழே போகும். முன்குறி தேய்ந்து குட்டையானால் குண்டு மேலே போகும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பெரியப்பாவின் குண்டுகள் மண்ணைத் துளைத்தன என்று முன்னரே சொன்னேன் அல்லவா?

இனி வண்ணத்திற்கு வருவோம். இத்தகைய துப்பாக்கியின் முன்குறி எஃகின் கருநிறமாகவே தொழிற்சாலையினின்று வருகிறது. பகல் வெளிச்சத்தில் வெண்மையான இலக்கின்மேல் அது நன்றாகத் தெரியும். கிடங்கின் நிழலிலோ அந்தி நேரத்திலோ, கரிய பின்புலத்தின்மேல் கரிய முள் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. 1914 செப்டம்பர் 22 ஆம் நாள் இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு பொழிந்து பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்திய செய்தி எங்கள் பக்கத்தில் குழந்தைகளும் அறிந்தது. அன்று அக்கப்பல் பெருவிளக்கொளியைக் கரையின்மேல் வீசி இலக்கைத் துலக்கிக்கொண்டது. கைத்துப்பாக்கிக் காவலனிடம் அத்தகைய விளக்கு இல்லை. இலக்கைத் துலக்க இயலாதவன் தன் முன்குறியைத் துலக்கிக்கொள்கிறான். அதற்காகவே முன்குறியின் பின்முகத்தில், அஃதாவது சுடுவோன் கண்ணை நோக்கும் பக்கத்தில், வெள்ளையோ செம்மஞ்சளோ பசுமஞ்சளோ தீட்டுவது வழக்கம். சில துப்பாக்கிகளில் முன்குறியில் ஒன்றும் பின்குறியில் இரண்டுமாக மூன்று வெண்புள்ளிகள் தொழிற்சாலையிலேயே இடப்பெறுகின்றன.

இவ்வண்ணம் நெடுநாள் நில்லாது. தோலுறையில் வைப்பதும் எடுப்பதுமாக நாள்தோறும் உராய்கிறது. சுடும்போது குழல்வாயினின்று பாயும் புகைக்கரி அதன்மேல் படிகிறது. கையின் வியர்வையும் எங்கள் ஊர்க் காற்றின் உப்பும் ஓரங்களில் ஏறி வண்ணத்தை உரிக்கின்றன. இவை எல்லாவற்றினும் பெரும்பகை, குழலைத் துடைக்க உபயோகிக்கும் கரைப்பான் எண்ணெய். கரியைக் கரைக்க ஆக்கப்பட்ட அந்நீர்மம் வண்ணத்தையும் சேர்த்தே கரைத்துவிடும். பெரியப்பா ஞாயிறுதோறும் தவறாமல் துப்பாக்கியைத் துடைப்பவர். ஆகவே ஞாயிறுதோறும் வண்ணம் சிறிது குறைந்துகொண்டே வந்தது.

அவர் செய்த பரிகாரம் என் நகப்பூச்சு. என் மேசைமேல் இருந்த செந்நிறக் குப்பியைக் கேளாமலே எடுத்துச் சென்று, மூடியோடு கூடிய தூரிகையாலேயே முன்குறியின்மேல் அப்பினார். தேய்ந்தபோதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே மீண்டும் அப்பினார். நகப்பூச்சு இதற்கு உதவாத பொருள் என்று நான் சொல்லமாட்டேன். பலரும் அதனையே உபயோகிக்கிறார்கள். விரைவில் உலரும், எஃகில் நன்றாகப் பற்றும், மலிவாகவும் கிடைக்கும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நகப்பூச்சின் உடல் நைட்ரோ செல்லுலோஸ் என்னும் பொருள். 1846 ஆம் ஆண்டில் ஷோன்பைன் என்னும் இரசாயனி கண்டு வெளியிட்ட வெடிபஞ்சும், இக்காலத் தோட்டாவினுள் இருக்கும் புகையிலா மருந்தும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. நைட்ரஜனின் அளவிலேதான் வேறுபாடு. எனவே பெரியப்பாவின் துப்பாக்கியின் உள்ளே இருந்ததும் நுனிமேல் இருந்ததும் தமையனும் தம்பியுமே. பிழை பொருளில் இல்லை, பூசிய முறையில் இருந்தது.

முறையாகச் செய்வது எவ்வாறு? படைப்பயிற்சி பெற்றவர்களிடமும் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடையிலும் கேட்டறிந்ததைச் சொல்கிறேன். முதற்கண் தோட்டாக்களை வெளியே எடுத்து வேறோர் அறையில் வைத்துப் பூட்டவேண்டும். பின்னர் உருளையின் ஒவ்வோர் அறையையும் கண்ணாற் பார்ப்பதோடு நில்லாமல் விரலாலும் தடவிப் பார்க்கவேண்டும். ஒன்றுமில்லை என்று உறுதியான பின்னும் குழல்வாயை ஆள் இல்லாத பக்கமாகவே திருப்பி வைக்கவேண்டும். பெரியப்பா இதில் மட்டும் ஒருநாளும் தவறியதில்லை. அவர் துப்பாக்கியைத் திறக்கும் வேளையில் நாங்கள் அனைவரும் கூடத்தை விட்டு வெளியேறித் திண்ணையில் அமர்வோம்; அவர் "வரலாம்" என்று குரல் கொடுத்த பிறகே உள்ளே நுழைவோம்.

அடுத்துப் பழைய வண்ணத்தை முற்றும் நீக்கவேண்டும். நகப்பூச்சாயின் அசிட்டோன் தோய்ந்த பஞ்சு போதும். பிடியில் பிளாஸ்டிக் இருந்தால் அதன்மேல் அசிட்டோன் படலாகாது, உருகிவிடும். கத்தியாலும் அரத்தாலும் சுரண்டுவது கூடவே கூடாது. முள்ளின் தலையில் ஒரு கீறல் உயரத்தைக் குறைத்தால் அது என்றைக்கும் குறைந்ததே. வண்ணத்தைத் திரும்ப இடலாம், எஃகைத் திரும்ப இடமுடியாது. பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பசை அறவே இல்லாமற் செய்யவேண்டும். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருந்தாலும் வண்ணம் இரண்டொரு நாளில் தோலாக உரிந்து வரும். இதில் பொறுமையிழந்தவர்களே "எந்தப் பெயிண்டும் நிக்கமாட்டேங்குது" என்று குறை சொல்பவர்கள்.

அதன்மேல் முதலில் வெள்ளை. செம்மஞ்சளும் பசுமஞ்சளும் போன்ற ஒளிர்நிறங்கள் மெல்லியவை, ஊடே ஒளி புகவிடுபவை. கரிய எஃகின்மேல் நேரே தீட்டினால் அடியிலுள்ள கருமை அவற்றை விழுங்கிவிடும். வெள்ளையின்மேல் தீட்டினாலோ புகுந்த ஒளி திரும்பி வந்து நிறம் பொலிவு பெறும். கோலப்பொடியில் வண்ணம் கலப்பவர்கள் இதனை உடனே ஒப்புக்கொள்வார்கள். தூரிகை வேண்டாம், தென்னை ஈர்க்கின் நுனியைச் சீவிக்கொண்டு, அதில் ஒட்டும் அளவு மட்டும் எடுத்து, பின்முகத்தின் நடுவில் வைத்தால் அதுவே பரவிக்கொள்ளும். ஒரு பூச்சு உலர்ந்த பின்னரே அடுத்த பூச்சு. ஒவ்வொன்றும் மெல்லியதாக இருக்கவேண்டும். இறுதியில் நிறமற்ற பூச்சு ஒன்றை மேலே இட்டால் தோலுறையின் உராய்வைத் தாங்கும்.

யாவற்றினும் முதன்மையான விதி ஒன்று உண்டு. வண்ணம் முள்ளின் பின்முகத்தில்தான் இருக்கவேண்டும். தலைவிளிம்பில் ஏறவே கூடாது. ஏறினால் முள் உயரமாகிவிடும். பெரியப்பாவின் முன்குறியைப் பழுதுபார்ப்பவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, தலைமேல் நகப்பூச்சு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்குக் குமிழாக நின்றது. மேலே நாம் போட்ட கணக்கின்படி பத்து மீட்டரில் எட்டுச் சென்டிமீட்டர் தாழ்வு! எத்தனை மாதங்களாக அக்குமிழ் வளர்ந்துகொண்டே வந்ததோ, அத்தனை மாதங்களாக அவர் தம் கையையும் மூச்சையும் நொந்துகொண்டிருந்தார்.

நிறத்திலும் ஒரு பிழை இருந்தது. நம் கண் பட்டப்பகலில் பசுமஞ்சள் நிறத்தையே மிகுதியாக உணர்கிறது. அலைநீளத்தில் சொன்னால் ஏறக்குறைய 555 நானோமீட்டர். அந்தி சாய்ந்தபின் கண்ணில் வேறுவகை உணர்கோல்கள் தொழிற்பட, அவ்வுச்சி நீலப்பச்சைப் பக்கமாக 507 நானோமீட்டருக்கு நகர்ந்துவிடும். சிவப்பு முதலில் மங்கி, பின் கருப்பாகவே தோன்றும். பொஹீமிய நாட்டு அறிஞர் புர்கின்யே இதனைக் கண்டு எழுதியமையால் அவர் பெயராலேயே இம்மாற்றம் வழங்குகிறது. வைகறையிலோ மாலை மயங்கும் நேரத்திலோ செவ்வரளிச் செடியைப் பாருங்கள்; இலை தெரியும்போதே பூ இருண்டிருக்கும். காவலருக்கு முன்குறி வேண்டுவது பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும். அவர் பூசியதோ செந்நிறம். ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் வரை சிவப்பு பச்சை வேறுபாட்டைச் செவ்வையாக உணராதவர்கள் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணவேண்டும்.

இருட்டில் தானே ஒளிரும் பூச்சு ஏன் கூடாது என்று நானும் கேட்டேன். அதற்கும் ஒரு வரலாறு உண்டு, அது துயரமானது. முதல் உலகப்போர்க் காலத்தில் கடிகார முகங்களுக்கும் போர்க்கருவிகளுக்கும் ரேடியம் கலந்த ஒளிப்பூச்சு தீட்டினார்கள். அமெரிக்காவில் நியூஜெர்சி முதலிய இடங்களில் இத்தொழிலில் அமர்ந்த இளம்பெண்கள், பலர் என் வயதினர், தூரிகையின் நுனியை உதட்டால் கூர்மை செய்துகொள்ளுமாறு கற்பிக்கப்பட்டார்கள். தாடை எலும்பு அழுகியும் இரத்தம் கெட்டும் பலர் மாண்டனர். 1920 களில் அவர்களுட் சிலர் தொடுத்த வழக்குகளே தொழிலாளர் உடல்நலம் குறித்த சட்டங்களுக்கு ஒரு தூண்டுகோலாயின. ரேடியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 1600 ஆண்டு; அதனால் ஒளி மங்கிப்போன பழங்கருவியிலும் நஞ்சு மங்கியிராது. இப்பொழுது கைத்துப்பாக்கிகளில் வருவது டிரிட்டியம் என்னும் வாயு அடைத்த நுண்ணிய கண்ணாடிக் குழாய். அதன் அரைவாழ்வு 12.3 ஆண்டு, எனவே அவ்வளவில் ஒளி பாதியாகும். அக்குழாயை உடைக்கவோ துளைக்கவோ மேலே வண்ணம் தீட்டவோ முயல்வது பேதைமை. பகலொளியை உண்டு இருளில் உமிழும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டுப் பூச்சுக் கதிர்வீச்சு அற்றது. ஆனால் உறைக்குள்ளேயே கிடக்கும் துப்பாக்கிக்கு உண்பதற்கு ஒளி ஏது?

இவ்விடத்தில் எதிர்க்கட்சியார் ஒருவரையும் அறிமுகஞ் செய்யவேண்டும். விளையாட்டுப் போட்டியில் சுடுவோர் முன்குறியில் வண்ணம் இருப்பதை விரும்புவதில்லை. 2012 இல் இலண்டனில் விஜய்குமார் இருபத்தைந்து மீட்டர்ப் போட்டியில் வெள்ளி வென்றதும், 2024 இல் பாரிஸில் மனு பாக்கர் பத்து மீட்டர்க் காற்றுக் கைத்துப்பாக்கியில் வெண்கலம் வென்றதும் அன்பர்கள் அறிந்தவை. பத்து மீட்டர்ப் போட்டியில் நடுவட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர்தான். அங்கே களமெங்கும் சீரான விளக்கொளி. வெள்ளைத் தாளின்மேல் கரிய வட்டம். அதன் கீழே கரிய முள்ளின் விளிம்பு கத்திபோல் தெரியவேண்டும். முள் சிறிது மினுங்கினாலும் ஒளிபட்ட பக்கம் பெரியதாகத் தோன்றி, குண்டு ஒருபுறம் சாயும். ஆதலால் குறிகள் தேய்ந்து எஃகு பளபளக்கத் தொடங்கினால் அவற்றைக் கருப்பாக்குகிறார்கள். மேல்நாட்டார் கார்பைட் விளக்கின் புகையைக் காட்டுவர். கற்பூரத்தைக் கொளுத்தி அதன் புகையில் காட்டுவோரும் உண்டு. கற்பூரக்கரி மினுக்கமே இல்லாத கருமை. விளக்குப் புகையை ஏந்திக் கண்மை கூட்டிய நம் பாட்டிமார் இச்செய்தியைக் கேட்டால், இதற்கா இவ்வளவு ஆராய்ச்சி என்று நகைப்பார்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒருவாறு சொல்லியாகவேண்டும். 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பதை மட்டுமன்றி, உரிமம் இன்றித் துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலையும் தடுக்கிறது. எனவே முள்ளை அராவுதல், மாற்றுதல், பின்குறியைத் தட்டி நகர்த்துதல் ஆகியவை உரிமம் பெற்ற கடைக்கே உரியவை. வண்ணம் இடுவது அவ்வளவு பெரிய செயலன்று எனினும், ஐயம் உள்ளவர் கடைக்காரரையே கேட்டுச் செய்துகொள்வது நன்று. 2019 இல் வந்த திருத்தத்தால் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. உரிமத்தின் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டப்பட்டது. பெரியப்பாவுக்கு முன்னதால் நட்டமில்லை, பின்னதால் இலாபம்.

கடையில் குமிழ் நீக்கப்பட்டது. வெள்ளையும் அதன்மேல் பசுமஞ்சளும் முறைப்படி இடப்பட்டன. பெரியப்பா மகிழ்ச்சியோடு குறிக்களம் சென்றார். குண்டுகள் மண்ணைத் துளைக்கவில்லை. ஆனால் பலகையெங்கும் சிதறின. பத்தில் ஐந்து. அன்று திரும்பி வந்தவர் ஒன்றும் பேசவில்லை. துப்பாக்கியைப் பூட்டி வைத்துவிட்டு, தெருவில் போகும் லாரிகளைப் பார்த்தபடி நெடுநேரம் திண்ணையில் அமர்ந்திருந்தார். தவணையில் ஒரு மாதமே எஞ்சியிருந்தது. வேலை போனால் அண்ணனின் படிப்பு என்னாகும் என்று பெரியம்மா அடுப்படியில் என் தாயாரிடம் சொல்லி அழுதது எனக்குக் கேட்டது.

அன்றிரவு நான் கண்ணின் அமைப்பைப் பற்றிய பாடநூல் ஒன்றைத் தம்பியிடமிருந்து வாங்கிப் படித்தேன். கண் ஒரே சமயத்தில் ஒரு தொலைவைத்தான் தெளிவாகக் காணும். பின்குறி ஒரு தொலைவு, முன்குறி ஒரு தொலைவு, இலக்கு ஒரு தொலைவு. மூன்றில் எதனைத் தெளிவாகக் காண்பது? ஆசிரியர் யாவரும் முன்குறியை என்றே சொல்கிறார்கள். இலக்கு சற்று மங்கினாலும் கேடில்லை. நீட்டிய கையின் நுனியில் முன்குறி கண்ணிலிருந்து ஏறத்தாழ அறுபத்தைந்து சென்டிமீட்டரில் நிற்கும். நாற்பது வயதுக்கு மேல் கண்வில்லை இறுகி, அணித்தே உள்ளவற்றைக் காணும் ஆற்றலை இழக்கத் தொடங்குகிறது. அதனால்தான் முதியோர் செய்தித்தாளைத் தள்ளிப் பிடிக்கிறார்கள். பெரியப்பாவின் படிப்புக் கண்ணாடியோ நாற்பது சென்டிமீட்டருக்கு ஏற்றது; அதை அணிந்தாலும் முன்குறி மங்கும், கழற்றினாலும் மங்கும். எந்த நிறம் தீட்டினும் மங்கிய முள் மங்கிய முள்ளே!

மறுநாள் நான் இதனைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. "முப்பது வருஷமா சுடுறேன். என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல பாப்பா" என்றார். நான் வாதிடவில்லை. வாசலில் நின்று எதிர்வீட்டுச் சுவரிலிருந்த விளம்பரத்தை அவரைப் படிக்கச் சொன்னேன், தட்டின்றிப் படித்தார். பின் என் சுட்டுவிரல் நகத்தில் மையால் மெல்லிய கோடு ஒன்று இழுத்து, அவர் கைநீட்டும் தொலைவில் பிடித்து, கோடு நேராக இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று கேட்டேன். வெகுநேரம் பார்த்தார். "கோடா? எங்கே?" என்றார். பிறகு தாமே சிரித்துவிட்டார்.

எழும்பூர் அரசினர் கண் மருத்துவமனைக்கு நாங்கள் இருவரும் சென்றோம். 1819 இல் தொடங்கப்பட்ட அம்மருத்துவமனை, இலண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடி உலகில் பழமை வாய்ந்த கண் மருத்துவமனை என்று சொல்லப்படுவது. அங்கே பரிசோதித்த மருத்துவர், கண்புரை தொடக்க நிலையில்தான் இருக்கிறது, இப்போது அறுக்க வேண்டியதில்லை என்றார். பெரியப்பா தயங்கித் தயங்கித் தம் தொழிலைச் சொன்னார். மருத்துவர் நகைக்கவில்லை. "கையை நீட்டுங்கள்" என்று சொல்லி, கண்ணுக்கும் கட்டைவிரலுக்கும் இடையிலுள்ள தூரத்தை நாடாவால் அளந்தார். ஒன்றை அறுபத்தைந்து சென்டிமீட்டரால், அஃதாவது 0.65 மீட்டரால், வகுத்தால் ஏறத்தாழ ஒன்றரை. எனவே ஒன்றரை டயாப்டர் வில்லையை வலக்கண்ணுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார். இடக்கண் தொலைவுக்கு எப்போதும்போல் இருந்தது. அக்கண்ணாடிக்கு ஆன செலவு, துப்பாக்கிக் கடையில் ஆனதினும் குறைவு.

தவணை முடியும் நாளுக்கு நான்கு நாள் முன்னதாகப் பெரியப்பா மீண்டும் சுட்டுக் காட்டினார். பத்தில் எட்டு. தவறிய இரண்டும் தம் கைப்பிழை என்றும், அதற்குக் கண்ணையும் வண்ணத்தையும் குறை சொல்லமாட்டேன் என்றும் சொன்னார். நிறுவனத்தார் ஒப்பமிட்டார்கள். இப்போது அவர் சட்டைப்பையில் இரண்டு கண்ணாடிகள் இருக்கின்றன. செய்தித்தாளுக்கு ஒன்று, முன்குறிக்கு ஒன்று. அவசரத்தில் மாற்றி அணிந்துகொண்டு எங்கள் முகம் தெரியவில்லை என்று சில வேளை கூவுவதுண்டு. பசுமஞ்சள் புள்ளி இன்னும் தேயவில்லை. தேய்ந்தால் இடுவதற்கென்று ஈர்க்குகள் நான்கைச் சீவி ஒரு பழைய மருந்துக் குப்பியில் போட்டு வைத்திருக்கிறார். என் செந்நிற நகப்பூச்சை மட்டும் இன்றுவரை திருப்பித் தரவில்லை. கேட்டால், "அது காஞ்சு போச்சு பாப்பா" என்கிறார்.